பதினைந்து நாள் கணக்கும் மருத்துவரின் கணக்கும்



நம் வீட்டுப் பெண் பிள்ளை பருவமடைந்தவுடன் அவளுக்கு நாம் முதலில் கற்றுக்கொடுப்பது கணக்கைத்தான். உதிரம் எந்த நாளில் கண்டது, அஸருக்கு முன்பா பின்பா, எந்த நாளில் நின்றது, எப்போது குளிப்பு கடமையானது, ரமளானில் எத்தனை நோன்பு விடுபட்டது, அவற்றில் எத்தனை களாச் செய்தாயிற்று என்று மாதந்தோறும் அவள் எண்ணிக்கொண்டே வருகிறாள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் வீடுகளில் ஹைளின் குறைந்த அளவு ஓர் இரவும் பகலும், அதிக அளவு பதினைந்து நாள் என்று சொல்லித் தருகிறார்கள். ஹனஃபீ வீடுகளில் அது மூன்று நாளும் பத்து நாளும். இரண்டு ஹைளுக்கு இடையில் குறைந்தது பதினைந்து நாள் தூய்மை இருக்கவேண்டும் என்பதையும் நிஸ்வான் மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தம் உடலின் நாள்களை நம் பெண்கள் அவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறார்கள்.

அதே பிள்ளையை மருத்துவரின் முன் உட்கார வைத்து, "கடைசியாக எப்போது வந்தது? எத்தனை நாள் இருந்தது?" என்று கேட்டால் அவள் உம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். உம்மா, "எல்லாம் சரியாகத்தான் வருகிறது" என்று முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். தொழுகைக்காக எண்ணிய நாள்களை உடலுக்காகச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது இந்த முரண்தான்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அவர்களுடைய மகளுக்கு வலது அடிவயிற்றில் விட்டு விட்டு வலி இருந்தது. முதலில் ஓமத் தண்ணீர், பிறகு வெந்தயம், பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. குடும்ப மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அந்தச் சமயத்தில் அவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரிலுள்ள ஸ்கேன் மையத்தின் வாசலில் அவளை யாரேனும் பார்த்துவிட்டால் "பெண்ணுக்கு ஏதோ கோளாறாம்" என்று பேச்சு பரவிவிடும் என்று உம்மா அஞ்சினார். நிச்சயம் முடியட்டும் என்று அந்தச் சீட்டு குர்ஆன் வைக்கும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு அவளால் நிமிர முடியாத அளவுக்கு வலி வந்தது, கூடவே வாந்தி. வாயுத் தொல்லை என்றெண்ணி விடியும் வரை சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தார்கள். காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, கட்டி இருந்த சினைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது. அந்தச் சினைப்பையை அகற்றவேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், மற்றொரு சினைப்பை நலமாக இருக்கிறது. ஒன்று இருந்தாலும் தாய்மை அடைய முடியும். ஆயினும் அந்த உம்மா நம்மிடம் சொன்னது மனத்தைவிட்டு அகலவில்லை: "ஆறு மாதமாக அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்." பெயர் குறிப்பிடாமல் இதை எழுத அவரே அனுமதி தந்தார்.

ஸ்கேன் அறிக்கையில் 'சினைப்பையில் நீர்க்கட்டி' என்று எழுதியிருந்தால் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. புற்றுநோய் என்று அஞ்சி அழுகிறார்கள். அல்லது "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகளுக்கு நாம் 'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திவருவதுதான்.

சினைப்பை ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள, வாதுமைக் கொட்டை போன்ற உறுப்பு. மாதந்தோறும் அதில் ஒரு சிறு நீர்ப்பை வளர்ந்து, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் வெடித்துக் கருமுட்டையை வெளியேற்றுகிறது. இது அல்லாஹ் அமைத்த இயல்பான ஏற்பாடு. சில மாதங்களில் அந்தப் பை வெடிக்காமல் பெரிதாகிவிடும். அல்லது வெடித்த பின் மூடிக்கொண்டு நீரோ இரத்தமோ தேங்கும். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களிடம் காணப்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இவ்வகையே. இவை இரண்டு மூன்று மாதச் சுழற்சிக்குள் தாமாகவே மறைந்துவிடும். உள்ளே நீர் மட்டுமே உள்ள, ஐந்து சென்டிமீட்டருக்கு உட்பட்ட சாதாரண நீர்க்கட்டிக்கு இந்த வயதில் பெரும்பாலும் எந்தச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. அதைவிடப் பெரிதானால் மருத்துவர்கள் மறு ஸ்கேன் மூலம் கவனித்துவருவார்கள். ஏழு சென்டிமீட்டரைத் தாண்டினால் மேற்கொண்டு பரிசோதனையோ அறுவையோ பற்றிப் பேசுவார்கள்.

'நீர்க்கட்டியைக் கரைக்கும் லேகியம்' என்று இன்று கைப்பேசியில் ஓயாமல் வரும் விளம்பரங்களின் இரகசியமும் இதுதான். தானாகக் கரையவிருந்த கட்டி கரைகிறது. புகழ் லேகியத்துக்குப் போகிறது. கருஞ்சீரகத்தை சுன்னத் என்ற நிய்யத்தோடு உண்பவரை நாம் தடுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டி ஸ்கேனைத் தள்ளிப்போட மார்க்கத்தில் இடமில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்.

தாமாக மறையாத கட்டிகளும் உண்டு. டெர்மாய்டு எனப்படும் கட்டிக்குள் முடியும் கொழுப்பும் சில வேளை பல்லும்கூட இருக்கும். இதைக் கேட்டு ஜின், செய்வினை என்று ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கருமுட்டை உயிரணுக்களுக்கு உடலின் எந்தத் திசுவாகவும் வளரும் ஆற்றல் இருப்பதால் ஏற்படும் ஒன்று அது. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் மேலே சொன்ன முறுக்கலுக்கு வழிவகுக்கக்கூடியது. 'சாக்லேட் கட்டி' என்பது எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயின் அடையாளம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு சினைப்பையில் வளர்ந்து, பழைய இரத்தம் அங்கே தேங்குகிறது. இந்நோய் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மாதவிடாய் நாள்களில் பள்ளிக்கூடம் போக முடியாமல், நின்று பாத்திரம் கழுவ முடியாமல் சுருண்டு படுக்கும் பெண்ணிடம், "நாங்களெல்லாம் தாங்கவில்லையா?" என்று கேட்பதை இனியாவது நிறுத்தவேண்டும். அந்தக் காலத்தில் தாங்கிய நம் மூத்த பெண்களில் எத்தனை பேர் இந்நோயோடே வாழ்ந்து மறைந்தார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

இனி பி.சி.ஓ.டி. என்று வீட்டுக்கு வீடு பேசப்படுவதற்கு வருவோம். 1935-இல் சிகாகோ நகரின் மருத்துவர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும் இதை விவரித்தபோது சினைப்பையில் கண்டவற்றைக் கட்டிகள் என்றே கருதினார்கள். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல. முழுமையாக வளராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகள். கோளாறு ஹார்மோன்களிலும் இன்சுலினிலும் இருக்கிறது. எனவே "கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று எண்ணுவது தவறு. எடுப்பதற்கு அங்கே கட்டி இல்லை. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் காணும் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் இந்நிலை உண்டு என்று 2003-இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வகுத்தனர். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு ஸ்கேனை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது என்று 2023-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த வயதில் நலமான சினைப்பையும் அப்படித்தான் தோன்றும். பதினாறு வயதுப் பெண்ணின் ஸ்கேன் அறிக்கை ஒன்றை மட்டும் வைத்து "உங்கள் மகளுக்கு பி.சி.ஓ.டி." என்று சொல்லப்பட்டால், வேறு எதனால் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று பணிவோடு கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; அவர்களில் பலருக்கு அது தெரிவதே இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமை, முகத்தில் முடி, கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தல் ஆகியவற்றை உம்மாமார்கள் கவனிக்கவேண்டும். உடல் பருத்தவர்களுக்கு எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்குகிறது. மெலிந்தவர்களுக்கும் இது வரும் என்பதால் "தின்று தின்று வந்தது" என்ற ஏச்சு வேண்டாம். வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைத்து, ரமளான் இரவெல்லாம் சமூசாவும் வடையும் கொடுத்துவிட்டு, நடப்பதற்கு மாடியைக்கூடத் திறந்துவிடாத நம் வழக்கத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றி பயானில் சொல்லி மகிழ்கிறோம். நம் மகள் வேகமாக நடந்தால் முகம் சுளிக்கிறோம்.

பதினைந்து நாள் கணக்கு என்று தலைப்பிட்டதன் காரணத்தை இப்போது சொல்லவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று நாள் உதிரம் போகும் சகோதரிகள் பலர், "பதினைந்துக்குள்தானே நிற்கிறது, ஹைளுதான்" என்று அமைதியடைந்துவிடுகிறார்கள். ஃபிக்ஹ் சட்டம் விடை தருவது, இந்த நாள்களில் தொழுகை கடமையா இல்லையா என்ற கேள்விக்கு. கருப்பையும் சினைப்பையும் நலமாக உள்ளனவா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் விடை சொல்ல வரவில்லை. இமாம்கள் அப்படி ஒருபோதும் உரிமை கோரவும் இல்லை. மருத்துவரின் கணக்கில் உதிரம் எட்டு நாளைத் தாண்டினாலே காரணம் தேடவேண்டும். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு சுழற்சியின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை ஏறத்தாழ 24 முதல் 38 நாள் வரை இருப்பது இயல்பு. ஒரு மாதத்துக்கு ஒரே நாளில் பல துணிகள் நனைந்து, கட்டி கட்டியாக உதிரம் போய், படியேறினால் மூச்சு வாங்கினால், மத்ஹபின் எல்லைக்குள் இருப்பதால் மட்டும் அந்தப் பெண்ணின் இரத்தசோகை நீங்கிவிடாது.

இதைப் பேசுவது வெட்கத்துக்கு முரண் என்போருக்கு ஹதீஸ் நூல்களின் ஹைளு பாடத்தைத் திறந்து காட்டுவோம். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபியவர்களிடமே வந்து, தமக்கு உதிரம் நிற்காமல் போவதாகவும் தொழுகையை விட்டுவிடலாமா என்றும் கேட்டார்கள். அது ஹைளு அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். ஹம்னா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தமக்கு எவ்வளவு உதிரம் போகிறது என்பதையே விவரித்தார்கள். பஞ்சு வைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டபோது அதைவிட மிகுதி என்றார்கள். துணி என்றபோது அதையும் விட மிகுதி, கொட்டுகிறது என்றார்கள். ஒரு மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் விவரமே இது. உம்மு ஹபீபா பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுக்கு இந்நிலை ஏழாண்டுகள் இருந்தது என்பதும் பதிவாகியுள்ளது. மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததை நாம் அறிவோம். அந்தப் பெண்களின் நாணம் நம்முடையதைவிடக் குறைந்ததன்று.

திருமணமாகாத பிள்ளைக்கு ஸ்கேன் என்றதும் எழும் அச்சத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அவர்களுக்கு அடிவயிற்றின் மீது கருவியை வைத்தே ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சினைப்பை தெளிவாகத் தெரியும். அதனால்தான் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேன் என்று சொல்லப்பட்டு அது ரமளானில் விழுந்தால், மருத்துவரிடம் கேட்டு நோன்புக்கு முன்போ பின்போ மாற்றிக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று கடும் வலி, அதோடு வாந்தி, மயக்கம், காய்ச்சல் என்றால் நோன்பும் நிச்சயமும் ஊர்ப்பேச்சும் காத்திருக்கட்டும். முறுக்கிய சினைப்பையை மீட்பதற்குக் கிடைப்பது சில மணி நேரமே.

உம்ராவுக்கும் ரமளானுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் பெருகிவருகிறது. மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்வது வேறு. கால்நரம்பில் இரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கு அது ஆபத்தாகலாம். இடையிடையே சொட்டுச் சொட்டாக உதிரம் கண்டு, தவாஃப் செல்லுமா செல்லாதா என்று ஹரமில் நின்று கலங்கிய சகோதரிகளும் உண்டு.

மாதவிடாய் நின்றபின் தோன்றும் கட்டியின் நிலை முற்றிலும் வேறு. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிறு உப்பிக்கொண்டே இருத்தல், சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வாயு என்று விட்டுவிடக்கூடாது. சினைப்பைப் புற்றுநோய் இப்படித்தான் ஓசையின்றி வருகிறது. சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனை இந்த வயதில் பயன்படும். இளம்பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும், ஏன், மாதவிடாய் நாளில் இரத்தம் எடுத்தாலும்கூட அது கூடிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து நடுங்கவேண்டாம். இதற்கு நேர்மாறான கொடுமை, நாற்பதைத் தாண்டியதும் "பிள்ளைகள்தான் இருக்கிறார்களே, இனி எதற்கு?" என்று கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட ஒப்புக்கொள்வது. காலத்துக்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் இழந்த பெண்ணின் எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கின்றன. வேறு வழி உண்டா என்று இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிட்டுக் கையொப்பமிடுவோம்.

சம்பந்தம் பேசும் வீட்டாரிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. நீர்க்கட்டி இருந்தது என்பது பெண்ணின் குறை அன்று. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் தாய்மை அடைகிறார்கள். சிலருக்குக் கருமுட்டை வெளியேற லெட்ரோசோல் போன்ற மாத்திரை துணை செய்கிறது. குழந்தை தாமதமானால் மருமகளை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அனுப்பி, வெளிநாட்டிலிருந்து நாற்பது நாள் விடுப்பில் வந்த மகனை ஒரு பரிசோதனைக்கும் அனுப்பாத மாமிமார்களை நாம் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. அவருக்குச் செய்யும் முதல் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. பெண்ணுக்கு லேப்ராஸ்கோப்பி வரை போவதற்கு முன் அதைச் செய்துவிடுவதே முறை.

மேலே சொன்ன குடும்பத்துக்குச் சென்ற மாதம் சென்றிருந்தோம். அடுக்களைச் சுவரில் பள்ளிவாசல் தந்த தொழுகை நேர நாள்காட்டி தொங்கியது. சில தேதிகளின் ஓரத்தில் பென்சிலால் சிறு புள்ளிகள். இளைய மகளின் நாள்கள் அவை, அவளே இடுகிறாள். வலி இருந்த நாளுக்குப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வாப்பா ஒரு நாள், இது என்ன புள்ளி என்று கேட்டாராம். உம்மா சொல்லிவிட்டார். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வட்டம் போட்ட நாள்கள் கூடியிருக்கின்றனவே, டாக்டரிடம் எப்போது போகிறீர்கள் என்று கேட்டாராம்.